பிரேபனின் மெத்தை

அன்பு மகள் மாரெனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உலகத்தின் அந்தக் கோடியில் உங்களுக்குக் குளிர் தொடங்கியிருக்கும், இங்கே உருளைக்கிழங்குச் செடி முளைவிட்டு ஒரு சாண் வளர்ந்துவிட்டது. படகுப் பட்டறையை விற்ற பிறகு எனக்குப் பொழுது போகாது என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், நன்றாகவே போகிறது. புயலில் பெயர்ந்த கூரை ஓடுகளை நானே ஏறி மாற்றினேன், உங்கம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு அறுபத்தெட்டு வயதுக்கு இதெல்லாம் தேவையா என்று திட்டினாள், அவளுக்கும் வயது அதற்கு ஒன்று குறைவுதான் என்று மேலிருந்தே சொன்னேன். உங்கம்மாவின் இடத்துக்குப் புதுப் பாதிரியார் இலையுதிர் காலத்தில் வருகிறாராம், அதோடு உங்கம்மாவுக்கு ஓய்வு. இந்தக் கடிதம் எழுத வேறு காரணம் இருக்கிறது, நடிகை எல்னா ஸ்கோபி இறந்துவிட்டார். அங்கே செய்தித்தாளில் வந்திருக்காது, இங்கே வானொலியில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை.

நீ ஊரைவிட்டுப் போன பிறகுதான் அவர் நம் தீவுக்கு வந்தார், விளக்கு மாடத்துக்குப் போகும் வழியில் அந்த மஞ்சள் வீட்டை வாங்கினார். அந்தக் காலத்தில் கோடை வந்தால் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து நடக்கும் சிரிப்பு நாடகங்களில் அவரை விட்டால் ஆள் கிடையாது. குள்ளமான குண்டு உருவம், வாளியில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற குரல். ஈரமான மெத்தை ஒன்றை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்து, கொடியில் போட்டுக் காயவைத்தபடி, தன் பையன் பிரேபன் ராத்திரி படுக்கையை நனைத்துவிட்டதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அளப்பார். நாடு முழுக்க அந்த மெத்தையைத் தெரியும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது படுக்கை வெளியே காய்ந்தால் பிரேபன் வந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான், நீயே சின்ன வயதில் சொல்லியிருக்கிறாய். இங்கே வந்து குடியேறியபோது கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட வேடிக்கை காட்டுவார் என்று ஜனங்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு, இது நேற்றைய ரொட்டி என்று கடைக்காரரைக் கடிந்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

உங்கம்மாவின் கரகரக் குரல் கதை உனக்குப் பாதி தெரியும். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளிடம், போடில், நீ வாயை மட்டும் அசை என்று சொன்னது, இங்கே பாதிரியாராக வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பின் வரிசையில் ஒரு விவசாயி, பேசறது பாதிரியாரம்மாவா சேவலான்னு உரக்கக் கேட்டது, அவள் பேச்சை நிறுத்தி ஆட்கள் அடங்கும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றது, எல்லாம் நாம் சாப்பாட்டு மேசையில் பேசிச் சிரித்ததுதான். அந்த நிற்பு எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாது, எனக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். பதினாலு வயதில் ஸ்வென்போர்க் நகரத்தில் எல்னாவின் கூடாரத்துக்கு அத்தையோடு போயிருக்கிறாள். எல்னா வாயைத் திறந்ததுமே, வேடிக்கை எதுவும் சொல்வதற்கு முன்பே, அந்தக் குரலைக் கேட்டுப் பின்னால் சில ஆண்கள் சிரித்து ஊளையிட்டார்களாம். எல்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார், கோபமும் இல்லை கெஞ்சலும் இல்லை, கூடாரம் முழுக்க மூச்சு அடங்கியதும் அதே குரலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தன்னைப் போலவே குரல் உள்ள ஒரு பொம்பளை அதை மறைக்காமல் நிற்பதை உங்கம்மா அன்றுதான் முதலில் பார்த்தாள். பாதிரியார் படிப்புக்குப் போகும் தைரியம் அங்கேதான் வந்தது என்பாள்.

இத்தனைக்கும் எல்னா நம் ஊரிலேயே குடியிருந்த காலத்தில் ஒருநாளும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. ஆப்பிள் மரத்துப் பூச்சியைப் பற்றியும் அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பற்றியும் பேசுவார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா என்ன ஆகும்? நன்றின்னு சொல்லுவாங்க. அப்புறம் சாக்கடையப் பத்திப் பேச முடியாது" என்பாள்.

குளிர்காலத்தில் எல்னா படுக்கையில் விழுந்தார், எழுந்திருக்க மாட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. உங்கம்மாவை வரச்சொன்னார், ஜெபத்துக்காக இல்லை. "பாதிரியாரம்மா, எனக்குக் கடவுள்கிட்ட ஒண்ணும் பேச வேண்டியதில்ல, அவரும் என்னைக் கூப்பிட்டதில்ல. அடக்கத்தப் பத்திப் பேசணும். ஒரே ஒரு தடவையாவது ஜனங்க சிரிக்கணும். சிரிக்காம உம்முன்னு உக்காந்தாங்கன்னா நான் பெட்டியத் திறந்துட்டு வெளிய போயிடுவேன்" என்றாராம். உங்கம்மா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன சொல்லிச் சிரிக்க வைப்பது என்று அந்த வாரமெல்லாம் சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு முன்னால் சிலதை ஒத்திகை பார்த்தாள், நான் சிரிக்கவில்லை, நான் சிரிக்காததை ஒரு பொருட்டாக அவள் எடுத்துக்கொள்வதும் இல்லை.

மே மாதம் எல்னா போனார். மகன் வந்தார், பிரேபன்தான், உண்மையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். கோபன்ஹேகனில் பல் டாக்டர், உயரமாக, ஒல்லியாக, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு இருந்தார். அடக்கத்தைப் பற்றிப் பேச நம் வீட்டுக்கு வந்தார், நான் காப்பி வைத்தேன், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், தேவாலயத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. உங்கம்மா தான் கொடுத்த வாக்கைச் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அறுபத்தேழு வயசு. இன்னைக்குப் படகுல வரும்போது டிக்கெட் கிழிக்கிறவர் என் பேரப் பாத்துட்டு, மெத்தை கொண்டு வந்தீங்களான்னு கேட்டார். என் கல்யாணத்துல கேட்டாங்க. என் மனைவிய அடக்கம் பண்ணுனப்போ கேட்டாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேக்காம இருக்கட்டும்" என்றார். உங்கம்மா வாதாடவில்லை. எல்னாவிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொன்னாள், கூடாரம், குரல், அந்த நிற்பு, எல்லாம். கடைசியில், "அன்னைக்கு மெத்தையும் வந்துச்சு. நானும் சிரிச்சேன், வயிறு வலிக்கச் சிரிச்சேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயசு" என்றாள். அவர், "இதுவரைக்கும் எல்லாரும், நாங்க அதுக்குச் சிரிக்கவே இல்லன்னுதான் என்கிட்டச் சொல்லியிருக்காங்க" என்றார். உங்களுக்குக் குரல் கொடுத்தவங்க என்கிட்டயிருந்து பேரை எடுத்துக்கிட்டாங்க என்றும் சொன்னார், அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்று நோயாளியிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் போன பிறகு உங்கம்மா இரண்டு கோப்பைகளையும் கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

அடக்கத்தன்று படகில் இடமில்லை என்று அதிகமாக ஒரு நடை விட்டார்கள். கோபன்ஹேகனிலிருந்து நாடகக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், பளபளக்கும் கைத்தடி வைத்த பழைய நடிகர்கள், எல்லாரும் சிரிக்கத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தார்கள், உங்கம்மா எழுந்ததுமே சிலர் உதடு துடிக்கக் காத்திருந்தார்கள். சபைக்குழுத் தலைவர் குன்னர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா, போடில் அந்த மெத்தைக் கதையச் சொல்லுவாளா?" என்று காதைக் கடித்தார். உங்கம்மா மேலே ஏறி நின்றாள். "எல்னா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க, நான் சரின்னு சொன்னேன். அதைச் செய்யப் போறதில்ல. அது என்னோட முடிவு, வேற யாரையும் கேக்காதீங்க" என்றாள். பிறகு தன் குரலைப் பற்றிச் சொன்னாள், இந்த ஊரில் இத்தனை வருஷமாகத் தான் நின்ற நிற்பு தன்னுடையது இல்லை, பெட்டியில் படுத்திருக்கிற இந்த அம்மாவுடையது என்றாள். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னால் யாரோ ஏமாற்றமாகச் செருமினார்கள். அவள் பேசாமல் அந்தப் பக்கம் பார்த்தாள், செருமல் நின்றது, இறங்கி வந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வாக்கை மீறிவிட்டாள், அது அவள் முகத்தில் தெரிந்தது, நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு துறைமுக விடுதியில் காப்பி, கறுப்பு ரொட்டி, புகை போட்ட மீன். தொலைக்காட்சிக்காரர்கள் அடுத்த படகைப் பிடிக்க ஓடிவிட்டார்கள், மிச்சம் இருந்தது ஊர்க்காரர்களும் சில பழைய நடிகர்களும். உங்கம்மாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அப்போது பிரேபன் ஸ்பூனால் கோப்பையைத் தட்டினார். எல்லாரும் நிமிர்ந்தோம். அவர் எழுந்து, "என் பேர் பிரேபன்" என்றார். "எந்தப் பிரேபன்னு உங்களுக்குத் தெரியும். பாதிரியாரம்மா எனக்காகத்தான் குடுத்த வாக்கை இன்னைக்கு மீறுனாங்க. நான் கேட்டேன், அவங்க என்னைக் காட்டிக் குடுக்கல. எனக்கு இது புதுசு. அதனால ஒண்ணு சொல்லிடறேன். அந்த மெத்தை என்னுது இல்ல."

"அம்மாவுது. ஒவ்வொரு கோடையிலயும் முதல் ஆட்டத்துக்கு முன்னாடி அவங்களுக்கு அப்படிப் பயம். வாடகை அறை, ஒரே கட்டில், காலையில நனைஞ்ச மெத்தை கொடியில. வீட்டுக்காரி என்னம்மா இதுன்னு கேட்டா, அம்மா என்னைக் கை காட்டுனாங்க. வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. அம்மா அவ சிரிக்கறதையே பாத்தாங்க. சாயங்காலம் அம்மாவோட பேச்சுல நான் மேடை ஏறிட்டேன். எனக்கு ஏழு வயசு, இன்னும் இறங்கல" என்றார். ஒரு மிடறு காப்பி குடித்தார். "ஒரு நன்மையும் இருக்கு. என் பேரைக் கேட்டதும் நோயாளிங்க எல்லாரும் வாயைப் பொளந்து சிரிப்பாங்க. திறங்கன்னு நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. கடவாய்ப் பல்லுவரைக்கும் பாத்துடலாம்."

முதலில் சிரித்தது உங்கம்மாதான். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும், அடுத்த அறையில் மேசையை இழுக்கிற மாதிரி. அதற்குப் பிறகு விடுதியே சிரித்தது, கைத்தடி நடிகர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷம் அவளோட மேடை ஏறியிருக்கேன், கள்ளி, ஒரு வார்த்தை சொல்லலையே" என்று மேசையைத் தட்டினார். பிரேபன் சிரிக்கவில்லை, ஆனால் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு இரண்டாவது ரொட்டித் துண்டை எடுத்தார். நேரே உங்கம்மாவின் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார். எல்னா கேட்டது நடந்துவிட்டது என்று குன்னர் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெட்டி அப்போது மண்ணுக்குள் போய்விட்டது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் அபிப்பிராயம் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து உங்கம்மா அங்கியைக் கழற்றாமலே உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தாள். "தோர்கில், அன்னைக்குக் கூடாரத்துல அந்தம்மாவுக்கு உள்ளுக்குள்ள நடுங்கியிருக்கு" என்றாள். அப்படித்தான் தெரிகிறது என்றேன். "நான் என்ன நினைச்சேன்னா, அவங்களுக்குப் பயமே கிடையாது, எனக்குத்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வயித்தக் கலக்குது, நான்தான் அரைகுறைன்னு நினைச்சேன்" என்றாள். அவளுக்கு வயிற்றைக் கலக்கும் என்பதே எனக்குச் செய்தி. கையில் இருந்த கிழங்கு கோலி அளவுக்குத் தேய்ந்துவிட்டது, அவள் கவனிக்கவில்லை. பிறகு தலையைத் தூக்காமலே, "எனக்கு விமானம்னா பயம். ஈஸ்டர், ஞானஸ்நானம், கல்யாணம்னு சொன்னதெல்லாம் சும்மா. மாரென்கிட்ட போகாம இருந்ததுக்கு வேற காரணமே இல்ல" என்றாள். நான் இவ்வளவு நாளும் சபை வேலைதான் விடவில்லை என்று நம்பியிருந்தேன், உனக்கும் அதையே எழுதிக்கொண்டிருந்தேன். கப்பலில் போக முடியுமா விசாரிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். "பயந்துக்கிட்டே ஏறுறேன். நீ பக்கத்துல உக்காந்து வழக்கம்போல ஒண்ணும் சொல்லாம இரு, போதும்" என்றாள்.

ஆகவே நவம்பரில் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. குழந்தையின் கால் அளவை எழுதி அனுப்பு, உங்கம்மா கம்பளிக் காலுறை பின்னத் தொடங்கிவிட்டாள், கண்ணால் அளவு பார்த்துப் பின்னினால் எனக்குத்தான் பொருந்தும். காரை மெதுவாக ஓட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மருமகனுக்கு என் விசாரிப்பைச் சொல்லு. கடவுள் உங்கள் மூன்று பேரையும் சுகமாக வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. விமான நிலையத்தில் அவள் வெளியே வந்ததும் பயணம் நன்றாக இருந்ததா என்று கேட்காதே, நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவாள். பயமாக இருந்ததா என்று கேள்.

உன் அன்புள்ள அப்பா,
தோர்கில்