மழையில் தொடக்கூடாத கூடாரம்

நேற்று உன் வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து, பெரிய காக்கிப் பை ஒன்றை எங்கள் வீட்டு ஹாலில் இறக்கிவிட்டுப் போனார். அதிலிருந்து வீடு முழுக்கக் கரிப்புகையும் மெழுகும் கலந்த வாசனை. பையைத் திறக்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. வாய்க்கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். மறுபடி வந்து பார்த்தேன். அவிழ்க்கக் கை வரவில்லை. பயம் என்று எழுதினால் சிரிப்பாய். ஆனால் பயம்தான்.

கடைசியாகப் பொன்முடிச் சரிவிலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாம் இறங்கியது கொட்டும் மழையில். கூடாரத்தைச் சொட்டச் சொட்டச் சுருட்டித்தான் உன் கார் டிக்கியில் திணித்தோம். ஈரத்தோடு மூடி வைத்த கித்தானில் கரும்புள்ளி விழும், அப்புறம் நூல் இற்றுப்போய்க் கையோடு கிழிந்து வரும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். அடுத்த வாரம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு கூடாரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் எழவில்லை. நீ போய் வருடம் ஒன்றுக்கு மேலாகிறது. இத்தனை காலம் அது உன் வீட்டுப் பரணில் மக்கிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தோட்டத்தில் நாம் வருடந்தோறும் போன பறவைக் கணக்கெடுப்பு நெருங்குகிறது. அங்கிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை. கூடாரம் மக்கியிருந்தால் நல்லதாகப் போயிற்று என்று ஒரு மனம் சொன்னது. போகாமலிருக்க அதைவிடப் பொருத்தமான சாக்கு கிடைக்காது. மக்கியிருந்தால் என்னால் தாங்க முடியாது என்றது இன்னொரு மனம். இரண்டும் என் மனம்தான், என்ன செய்ய.

சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் அந்த ஆக்ரிக்கடை வாசலில் நீ நின்றுவிட்டது ஞாபகம் வருகிறது. நாம் இருவரும் ஓய்வு பெற்ற வருடம். ஆபீஸில் முப்பது வருடமாக ஃபைலில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால் கிடந்த துணி மூட்டை எப்படிக் கண்ணில் பட்டதோ. ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். அந்தக் காலத்தில் துரைமார்கள் வேட்டைக்குப் போகும்போது கொண்டுபோன கூடாரம் என்றார் கடைக்காரர். நிமிர்ந்து நடக்கலாம், நாலு புறமும் சுவர் மாதிரித் தொங்கும், இரண்டு கட்டில் போடலாம். நீ மோந்து பார்த்தாய், நூலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாய், கடைக்காரர் பொறுமை இழக்கும் வரை கேள்வி கேட்டாய்.

"எட்டி, வேட்டைக்காரன் கூடாரம் நமக்கு என்னத்துக்கு? ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்றேன்.

"நாமும் வேட்டைக்குத்தானேடி போறோம். ஒண்ணும் கொண்டு வரமாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாய்.

கோட்டைக்குள் உன் வீட்டு மொட்டை மாடியில் முதன்முதலாக அதை நிறுத்தினோம். நிறுத்தியதும் நீ ரப்பர் குழாயை எடுத்து அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெகுநாள் காய்ந்து கிடந்த கித்தானை ஒருமுறை நன்றாக நனைத்துக் காய விட்டால் நூல் உப்பி, தையல் துளையெல்லாம் அடைபட்டுவிடுமாம். பக்கத்து மாடி மாமி வடாம் பிழிவதை நிறுத்திவிட்டு, "என்னடி பந்தல்? ஆத்துல கல்யாணமா?" என்று கேட்டாள். "ஆமா மாமி, எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அறுபதாம் கல்யாணம்" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். மாமி நம்பிவிட்டாள் என்றுதான் இன்றுவரை சந்தேகப்படுகிறேன்.

தோட்டத்தில் முதல் மழை. ஓடையை ஒட்டிய அழகான இடத்தை நான் காட்ட, வெள்ளம் வந்தால் முதலில் போவது நாம்தான் என்று நீ மேட்டுக்கு ஏறினாய். மேட்டிலும் பட்ட கிளை தொங்காத இடமாகத் தேடி அரை நாளைக் கழித்தாய். மழை வலுத்ததும் வெளியே ஓடிக் கயிறுகளை எல்லாம் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு வந்தாய். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் கட்டிலில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் நனைந்து கறுத்திருந்த கித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெறும் துணி எப்படி மழையைத் தாங்குகிறது? கை சும்மா இருக்குமா, ஒரு விரலை நீட்டினேன்.

"தொடாதே!"

அதற்குள் தொட்டாயிற்று. தொட்ட இடத்திலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்து, சாயங்காலம் வரை என் தலையணையில் சொட்டியது.

"வெளியில ஒட்டிண்டிருக்கற ஜலத்துக்கு உன் விரல் வழி காட்டிடுத்து. மழை பெய்யறப்போ கூடாரம் மடியா இருக்குன்னு நெனச்சுக்கோ. தொடப்படாது, அவ்வளவுதான்."

"ஒங்க வீட்டு மடி போதாதுன்னு காட்டுலயுமா?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. குளித்து ஈரப்புடவையோடு வரும் மாமியாரைத் தொடக்கூடாது, கொடியில் காயும் மடிப் புடவையைத் தொடக்கூடாது என்று நீ பட்ட பாட்டையெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் நடித்தே காட்டியவள். வாழ்நாள் முழுக்க மடியைக் கேலி செய்துவிட்டு, கடைசியில் ஒரு கித்தானுக்கு ஆசாரம் பார்த்தாய்.

அந்தக் காப்பித் தலைவலியை மறந்திருக்கமாட்டாய். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, விரலெல்லாம் விறைத்துப்போன ஒரு நாள். வெளியே அடுப்பு பற்றவில்லை என்று கும்முட்டியை உள்ளே கொண்டுவந்து கரியை மூட்டினோம். குளிர் வருகிறதென்று வாசல் நாடாக்களை இறுகக் கட்டி, கீழ் இடுக்கில் துண்டைத் திணித்தது நான். கூடாரம் கதகதவென்று ஆயிற்று. சற்று நேரத்தில் எனக்குத் தலைவலி. உனக்கும் தலைவலி. நம் ஊரில் நாலு மணிக்குத் தலை வலித்தால் அதற்கு ஒரே காரணம்தான், ஒரே மருந்துதான். டிகாஷன் சீக்கிரம் இறங்கட்டும், பால் காயட்டும் என்று இருவரும் மாறி மாறிக் கரியை விசிறினோம்.

காப்பி அருமையாக இருந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். நான் இன்னொன்று போடலாமா என்று கேட்டேன். நீ காலி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"உனக்குத் தலைவலி விட்டுதோ?"

"இல்ல, கூடத்தான் செய்யுது."

"எனக்கும். காப்பி குடிச்சும் போகல்லேன்னா இது காப்பித் தலைவலி இல்லேடி. அதெப்படி ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல வரும்?"

கேள்வியை முடிக்கும்போதே உனக்குப் பதில் தெரிந்துவிட்டது. எழுந்தாய், கால் தள்ளாடியது. வாசல் நாடாவை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பிய்த்து எறிந்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தாய். மழையில் சேற்றில் உட்கார்ந்து குடித்த காப்பியை எல்லாம் நான் வாந்தி எடுத்தேன். புகை இருந்தால் கண் எரிந்து தப்பித்திருப்போம், புகையில்லாத கனல்தான் ஆளைக் கொல்லும், அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது என்று பல் கிட்டிக்கச் சொன்னாய். உனக்கு அந்த 'அதெப்படி' வராமலிருந்தால், நாம் இரண்டாவது டம்ளரைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கியிருப்போம்.

அதன்பின் கூடாரத்துக்குள் நெருப்பே கிடையாது. தள்ளி ஒரு தார்ப்பாய் கட்டி அதன் கீழேதான் சமையல். எவ்வளவு குளிரானாலும் வாசலில் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். "நாம மூச்சு விட்டாப் போறாது, கூடாரமும் விடணும்" என்பாய். கரமனையில் என் படுக்கையறை ஜன்னல்கூட இன்று வரை ஒரு சாண் திறந்துதான் இருக்கிறது. கொசு வருகிறது என்று வீட்டில் தினமும் சண்டை.

கடைசிப் பயணத்தில் நீ பாறையில் உட்கார்ந்துகொண்டு, முளை பிடுங்குவதை எனக்கு விட்டுவிட்டாய். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. கூடாரத்தை மடிப்பது நமக்கு ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து, பாதியாக்கி, அதையும் பாதியாக்குவோம். அன்று நீ நடுவழியில் நின்றுவிட்டாய். உன் பங்குத் தூரத்தையும் நானே நடந்து வந்து உன் கையிலிருந்த முனையை வாங்கினேன். "வெயில் வந்ததும் காயப்போட்டுடறேன்" என்றாய்.

இன்று காலை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பையை அவிழ்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அருகே கொண்டுபோனேன். பூசண நாற்றம் இல்லை. கையை உள்ளே விட்டேன். சருகு மாதிரி உலர்ந்திருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அது நாம் மடிக்கும் மாதிரி மடிக்கப்படவில்லை. நாலு மூலை வளையங்களும் மேலேயே இருந்தன. ஒன்றைப் பிடித்துத் துணிக்கொடிக் கொக்கியில் மாட்டிவிட்டு இழுத்தேன். முழுக் கூடாரமும் சிக்காமல், முறுக்காமல் மடிப்பு மடிப்பாகப் பிரிந்துகொண்டே வந்தது. கொசுவம்! புடவைக்கு வைப்பது போல அத்தனை பெரிய கித்தானுக்குக் கொசுவம் வைத்திருக்கிறாய். இரண்டு பேர் மல்லுக்கட்டி விரிக்கும் கூடாரத்தை நான் ஒருத்தியே விரித்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, இதை யார் காயப்போட்டது என்று கேட்டேன்.

"அவதான். நடுவுல கொஞ்ச நாள் டிஸ்சார்ஜ் பண்ணி ஆத்துக்கு வந்திருந்தாளே, அப்போ. வெயில் நகர நகரத் தானே நகர்த்தி நகர்த்திக் காயவெச்சா. மடிக்கறதுக்கு நான் ஒரு முனையைப் பிடிச்சுக்கறேன்னு போனேன். தொடாதேங்கோன்னுட்டா. நாற்காலியில உக்காந்துண்டு, மூச்சு வாங்க வாங்க, தானே மடிச்சா. நிறுத்தி நிறுத்தி, ரெண்டு நாளாச்சு. உங்களுக்குக் குடுக்கணும்னு அப்பவே சொல்லிட்டா. எனக்குத்தான் பரணைத் தொட இத்தனை நாள் மனசு வரல்லே."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட புத்தி, சும்மா இருக்கவிடவில்லை. பாதி பாதியாக மடிக்க இரண்டு பேர் வேண்டும்; கொசுவம் ஒருத்தி தனக்குத்தானே வைத்துக்கொள்வது. தனியாக இருந்ததால் அப்படி மடித்தாயா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கை கொடுக்க ஆள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், நீ வேண்டாம் என்றிருக்கிறாய். அப்படியானால் தனியாக இருக்கப்போவது யார் என்று பார்த்துத்தான் மடித்திருக்கிறாய். மாடியில் உட்கார்ந்து அழுதேன். நல்ல வேளை, மழை இல்லை, கித்தானைத் தொட்டுக்கொண்டே அழ முடிந்தது.

மூன்றாவது முறை தோட்டத்திலிருந்து போன் வந்தபோது எடுத்தேன். சூப்பர்வைசர் புதியவர், நம்மை நேரில் பார்த்ததில்லை. பழைய பட்டியலில் நம் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது போலும்.

"எத்ர பேருண்டு சேச்சி?" என்று ஆள் கணக்குக் கேட்டார்.

"ஒராள்" என்றேன்.

"அப்போ மற்றே சேச்சி வருந்நில்லே?" இன்னொரு அக்கா வரவில்லையா என்கிறார்.

வரவில்லை, கூடாரத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்றேன்.