மரியாள் பிடித்த கயிறு

இஞ்சேருங்கோ,

என்ர நாவல் முடிஞ்சுது, அப்பாடா! பிரதி எடுக்க மன்னாருக்குப் போறன். கதவைப் பூட்டிட்டன், திறப்பு பூச்சட்டிக்குக் கீழ. விளைமீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

கதை முடிவில கதாநாயகி மரியாளைக் கட்டிக்குடு எண்டு ஒரு கிழமையா முகத்தை நீட்டிக்கொண்டு திரிஞ்சியள். கட்டினால் வீட்டுக்குள்ள இருத்திப்போடுவாங்கள் எண்டு நானும் விடேல்லை.

இப்ப கேளுங்கோ. தன்ர தகப்பனைக் கொலைசெய்தவனை மரியாளே பிடிச்சுக் குடுத்திட்டாள். கதை நடக்கிற ஒல்லாந்தர் காலத்தில, முத்துக் குளிக்கிறவனை மேல இழுக்கிற கயிறைப் பெண்சாதியின்ர சகோதரன்தானே பிடிக்கிறது, தங்கச்சி விதவையாகக் கூடாதெண்டு கவனமாப் பிடிப்பான் எண்டு? மரியாளுக்கோ கூடப்பிறந்தவங்கள் இல்லை. “உன்னைக் கட்டினால் என்ர கயிறை ஆர் பிடிக்கிறது?” எண்டு அவளை விரும்பின சூசை கேட்டான்.

“நான்தான்” எண்டு சொல்லி வள்ளத்தில ஏறி இருந்திட்டாள்.

கலியாணமும் நடந்துது, அவள் வீட்டுக்குள்ளயும் இருக்கேல்லை; நீங்களும் நானும் ரெண்டுபேரும் வெண்டிட்டம்.

பிறின்சி

நாளைக்குச் சங்கு குளிக்கப் போகேக்க என்னையும் ஏத்துங்கோ. உங்கட கயிறு என்ர கையில இருக்கட்டும்.