உப்புக் கெணத்துல பூத்த பூசணம்

சேசு மரி சூசை துணை
நாமகிரிப்பேட்டைப் பக்கம், வைகாசி 1958

என் சாமி மிக்கேலுக்கு உங்கய்யன் சொல்லி, கோயில் உபதேசியார் எழுதற காயிதம். இங்க நான், உங்கம்மா, உன் ஊட்டுக்காரி ஞானமேரி, அவ வவுத்துப் புள்ள, மாடு ரெண்டு, எல்லாரும் சர்வேசுரன் புண்ணியத்துல சொகம். தங்கவயல் சொரங்கத்துல எறங்கி ஏறற நீயும் அப்பிடியே இருக்கோணும். ஞானமேரி சொகம்னு சொன்னனே, அதச் சொல்லத்தான் இந்தக் காயிதமே, ஆனா கெணத்துல இருந்து ஆரம்பிச்சாத்தான் வெளங்கும்.

நம்ம கெணத்துல வேட்டு வச்சு ஆழப்படுத்தினோமுல்ல, பாறைக்கு அடியில தண்ணி வந்துச்சு, ஆனா வாயில வச்சா நாக்கு சுருண்டுக்குது, அத்தன உப்பு. மாடு மோந்து பாத்துட்டு என்னையப் பாக்குது. வேட்டு வச்ச காளியண்ணன், அவன் மச்சான் கல்யாணத்துல பந்தல் சாஞ்ச கதைய நீ வந்தப்பறம் சொல்றேன், அவன் இன்னொரு வேட்டு வச்சா நல்ல தண்ணி வருங்கறான். உங்கம்மா என்ன பண்ணுனா, இம்புட்டு உப்பு சும்மா கெடக்குதேன்னு ஒரு ஜாடி மாவடுவ அந்தத் தண்ணியிலயே ஊறப் போட்டா. நானும் சரின்னுட்டேன். உப்பு இருந்தா பூசணம் அண்டாதுன்னுதான நாம ஊறுகாயே போடறோம்.

அப்பறம் ஒரு நாள் கெணத்துல எறங்கிப் பாத்தா, மூங்கில் ஏணியில கரியத் தூவுனாப்பல கருப்புப் பூசணம். கவுத்துல வெள்ளப் பஞ்சு. பாறை வெடிப்புல ஒண்ணு மஞ்சளா, தொட்டா வெண்ணெயாட்டம் வழுக்குது. ஒரே தண்ணிதான், எடத்துக்கு ஒரு நெறமா எப்பிடிச் சாமி மொளைக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி இது மாரியாத்தா வேலைங்கறா, அத எழுத மாட்டேன்னு உபதேசியார் சண்டை கட்டறாரு, எழுதுங்கன்னு நான் சொல்றேன். சரி, மேலேறி ஓடி வந்து ஜாடியத் தெறந்தா, ஆடை கட்டுனாப்பல வெள்ளை, நடுவுல கரும்புள்ளி, பாதி வடுவக் காணோம். ஞானமேரிதான் வாய்க்கு ருசியா இருக்குதுன்னு ஆடைய ஒதுக்கி ஒதுக்கித் தின்னிருக்கறா. ஆறு மாச வவுறு.

அப்பவே வண்டி கட்டி ராசிபுரம் போயி, அங்கிருந்து பஸ்சுல சேலம் கூட்டிப் போனோம். டாக்டரம்மா வவுத்துல குழாய வச்சுக் கேட்டுட்டு, புள்ள நல்லாத் துள்ளுது, இனி அதத் தின்னாதன்னாங்க. உப்புக்குள்ள பூசணம் எப்பிடிங்க வரும்னு கேட்டேன், தெரிஞ்சாச் சொல்ல மாட்டனான்னு சிரிக்கறாங்க. எனக்கு இன்னும் மனசு நெலை கொள்ளல. நீ பூமிக்கு அடியிலயே வேலை செய்யறவன். அங்க முட்டுக் குடுத்த மரத்துல, உப்புத் தண்ணி கசியற எடத்துல, இப்பிடிப் பூக்குதா, அது மனுசனுக்கு ஆகுமான்னு மேஸ்திரியக் கேட்டு எழுது. கெணத்த மூடறதா விடறதான்னும் தெரியல.

இத உனக்கு எழுதவே கூடாதுன்னு ஞானமேரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறா. "அவரு அங்க சொரங்கத்துக்குள்ள நிப்பாரு மாமா, இதையே நெனச்சுக் கவனம் தப்பிருச்சுன்னா?"ங்கறா. அதனால நீ பயப்படாத சாமி. உனக்கும் சேத்து நான் இங்க பயந்தாச்சு.

உன் நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்றேன். உள்ள எறங்கறப்ப செபமாலையக் கழட்டி வைக்காத. பதிலை ஞானமேரி பேருக்கே போடு.

இப்படிக்கு,
உங்கய்யன் உபகாரசாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)