குவைத்திலிருந்து வந்த சிவப்பு ரிப்பன்

பதுளை
18.11.1981

என் அன்பு மகன் மர்ஸூக்குக்கு,

உன் உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், அந்தச் சூட்டு நாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையில் வெயில் படாமல் நன்றாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. தங்கச்சி றஷீனாவுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய், அடுத்த வரியிலேயே சங்கத்துக்கு நீ அனுப்பிய ரிப்பன் பாவனைக்கு வந்ததா என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் மகன். பெண் பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் சுகம். ரிப்பனும் பாவனைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று உன் வாப்பா எழுதமாட்டார், எழுதினாலும் விழா ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கின்றன என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் நானே எழுதுகிறேன்.

நம் சந்தின் முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவரான நாளிலிருந்து உன் வாப்பா வீட்டுக்கு விருந்தாளி போலத்தான் வந்து போகிறார். குசினிக் கூரை ஒழுகுகிறது என்றால் அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்கிறார், சோற்றுக்கு உப்புக் காணாது என்பதைக்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்கிறார். சந்து முனையில் விளக்கு எரியாமல் கிடக்கிறதல்லவா, அதை ஆராய உபகுழு ஒன்று போட்டார்கள். உபகுழு இருட்டில் தடவிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, விளக்கு எரியவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் வேறு. அடைத்துக் கிடக்கும் சாக்கடைக் கானைத் துப்புரவாக்க வேண்டும் என்று உம்மு குல்தூம் மாமி யன்னலுக்குள் நின்று கத்தினார், அந்தக் கானுக்கு மேலேயே பந்தற்கால் நட்டு விளையாட்டு விழா வைத்தார்கள். பெரியவர்களுக்கான சங்கீதக் கதிரைப் போட்டியில் செயலாளர் பலீலுக்கு முதலிடம். தையற்கடை பலீல்தான், உனக்குத் தெரியுமே. உட்கார்ந்த கதிரையை விட்டு எழும்பாத அவருடைய பழக்கம் அன்றைக்காவது பிரயோசனப்பட்டது.

ஒன்றை மட்டும் நான் மறுக்கமாட்டேன், பாலத்தைக் கட்டினார்கள். ஓடைக்கு மேலே கிடந்த பலகைப் பாலம், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு சப்பாத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாயே, அதே பாலம், உளுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது. ஆண்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கல் சுமந்து, கொங்கிரீட் போட்டு, இரண்டு பக்கமும் கம்பி வைத்து, நல்ல பாலமாகவே கட்டி முடித்தார்கள். உன் வாப்பாவும் சீமெந்துச் சட்டி தூக்கினார், முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். ஆனால் கட்டி முடித்த அன்றே அதில் யாரும் நடக்கக்கூடாது என்று தீர்மானம் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து பிரதம அதிதி வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம், அவருடைய கால்தான் முதலில் படவேண்டுமாம். பலீலுடைய கடையில் ரிப்பன் இல்லாமலா உன்னிடம் கேட்டார்கள், அதிதி வெட்டுவதற்கு உள்ளூர் ரிப்பன் மரியாதையில்லை என்றுதான் உனக்கு எழுதினார்கள். நீயும் கெட்டிக்காரப் பிள்ளை போல ஒரு பெரிய சுருளையே அனுப்பிவிட்டாய். வெளிநாட்டுச் சாமானை வீணாக்கக்கூடாது என்று, ரோட்டுப் பக்க முனையில் இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்குமாகப் பல சுற்றுச் சுற்றி, வேலி மாதிரியே அடைத்துவிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள். விழா மேடைக்குப் பலகை வேண்டுமென்று பழைய பாலத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். புதுப் பாலத்தில் நடக்க ஏலாது, பழைய பாலத்தில் ஏறி நின்று பேச்சுப் பேசலாம்.

அதிதி வருகிறார் வருகிறார் என்றார்கள். ஒருதரம் அவருக்கு வேறு அலுவல், ஒருதரம் காய்ச்சல், பிறகு மழை. கட்டிய வாழைமரங்கள் காய்ந்து, கடதாசிப் பூவெல்லாம் சாயம் போய் மேடையில் ஒழுகின. நாங்கள் ரோட்டுக்குப் போவதென்றால் தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஏறி, சேற்றுச் சரிவில் வழுக்கி இறங்கி, ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும். தோட்டத்திலிருந்து நமக்குக் கீரை கொண்டுவரும் கருப்பம்மா ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏங்கம்மா, பாலம் கட்டுனது நடக்கத்தானுங்களே?" என்று கேட்டாள். நடக்கத்தான் பிள்ளை, யார் நடப்பது என்றுதான் இன்னும் கூட்டம் முடியவில்லை என்றேன். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் றஷீனா மாதம் நிறைந்து நம் வீட்டில் இருக்கிறாள், மருமகன் ஸலீம் மொனராகலையில் கடையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைதான் வந்து பார்க்கிறார். போன வருடம் முதல் பிள்ளையைப் பறிகொடுத்த பெண் அவள். நேரம் பிந்திப்போய்த்தான் அந்தப் பிள்ளை போனது என்று டாக்டர் சொன்னதை நான் எப்படி மறப்பேன். வலி வந்தால் இவளை எந்த வழியால் கொண்டுபோவது என்று உன் வாப்பாவிடம் கேட்டேன். அதற்குள் அதிதி வந்துவிடுவார் என்றார். வலிக்கு அவருடைய திகதி தெரியுமா என்று கேட்டேன், தொண்டையைச் செருமினார். மகன், அந்த நாட்களில் எனக்கு ஒரு வாய் சோறும் ஒழுங்காக இறங்கவில்லை. ஓடை இரைகிற சத்தம் கேட்டாலே எழும்பிப் போய் றஷீனாவைப் பார்த்துவிட்டு வருவேன்.

அன்றைக்குப் பகல் லுஹர் தொழுதுவிட்டு வெற்றிலை வட்டாவை எடுத்துவைத்துப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன், வெளியே நல்ல மழை. அறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று றஷீனா "உம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லே போதும், எழும்பி ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். நல்லவேளையாகக் கருப்பம்மா கீரைக்கூடையோடு வாசலில் நின்றாள். கூடையைப் போட்டது போட்டபடி அந்தச் சரிவால் ஓடி, ரோட்டடியில் நம் கடையில் இருந்த உன் வாப்பாவிடம் சொல்லி, வாடகைக் கார் ஒன்றைப் பாலத்தடிக்கு அனுப்பிவிட்டாள். கார் அக்கரையில் நின்று ஹோர்ன் அடிக்கிறது. இந்த நிலையில் பிள்ளையைச் சேற்றுச் சரிவில் இறக்க ஏலுமா? எங்கள் பக்கம் நடக்கத் தடை என்று எழுதிய பலகை ஒன்றுதான் இருந்தது, அதைக் காலால் தள்ளிவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். பாலம் ஆடவில்லை மகன், நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த முனைக்குப் போனால் உன் ரிப்பன் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் உன் வாப்பா, பலீல், பின்னால் குடையோடு கருப்பம்மா. பலீல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "தலைவர், கொஞ்சம் நிப்பாட்டச் செல்லுங்க" என்கிறார். உன் வாப்பா என் முகத்தைப் பார்க்காமல், "அதிதி இன்னும் வரல்லியே" என்று முணுமுணுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சந்தே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன், "அதிதி இந்தா வயித்துல வந்து நிக்கிறாரு, இத விடப் பெரிய பிரதம அதிதி உங்களுக்கு எங்கேருந்து வரணும்?" என்று.

அப்போதுதான் என் கையில் பாக்குவெட்டி இருப்பதே எனக்குத் தெரிந்தது, வட்டாவடியிலிருந்து எழும்பியவள் அதையும் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். வெட்டினேன். வெட்டுப்படவில்லை. நீ அனுப்பியது அவ்வளவு நல்ல சாமான், வழுக்கி வழுக்கிப் போகிறது, பாக்குவெட்டி அதை மென்றுகொண்டிருக்கிறது, றஷீனா என் தோளில் சாய்ந்து பல்லைக் கடிக்கிறாள். உன் வாப்பா ஒருதரம் மகளின் முகத்தைப் பார்த்தார். பலீலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வந்து, ரிப்பனை இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வெட்டு புள்ள" என்றார். இத்தனை காலத்தில் அந்த மனிதர் கூட்டம் கூடாமல் எடுத்த முதல் தீர்மானம் அதுதான். அவர் சுற்றுச் சுற்றாக இழுத்துப் பிடிக்கப் பிடிக்க நான் வெட்டினேன். கருப்பம்மா ஒருத்திதான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்த கைகளைத் தட்டினாள். மாலை மஃரிபு தொழுகைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று நர்ஸ் சொல்லத் தொடங்கினாள், மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னது உன் வாப்பாதான். பாதியில் நிறுத்தினார், இந்த முறை செருமவில்லை, அழுதார்.

மறுகிழமை அவசரக் கூட்டம். பாலம் இன்னும் திறக்கப்படவில்லை என்றும், அன்று நடந்தது தற்காலிக நடமாட்டம் மட்டுமே என்றும் தீர்மானமாம். அந்தத் தீர்மானம் எடுத்தவர்கள் எல்லோரும் கூட்டம் முடிந்து அந்தப் பாலத்தால்தான் வீட்டுக்குப் போனார்கள், கருப்பம்மாவும் கீரைக்கூடையோடு அதன் மேலேதான் வருகிறாள். அதிதியின் பெயர் வெட்டிய கல்லையும் பாலத்தடியில் நட்டாகிவிட்டது, திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். முந்தாநாள் பலீல் வந்து, மிஞ்சிய ரிப்பனைத் தந்தால் ஒட்டுப்போட்டு, அயன் பண்ணித் திரும்பவும் கட்டலாம் என்றார். உன் வாப்பா அப்போது தொட்டிலடியில் இருந்தார். அந்த ரிப்பனைப் பின்னித் தொட்டிலுக்கு இழுகயிறாகக் கட்டியிருக்கிறார், யாரையும் தொடவிடுவதில்லை. கயிற்றை விடாமலே மெதுவாக, "அது இப்ப வேலயில இருக்கு பலீல், கூட்டத்துக்கு வர ஏலாது" என்றார். பலீல் தொட்டிலை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைக்கு ஸல்மா என்று பெயர் வைத்திருக்கிறோம், மூக்கு உன்னுடைய மூக்கு.

நீ ஐந்து நேரமும் தொழு, வெயிலில் வேலை என்றால் தலைக்கு ஈரத்துணி போட்டுக்கொள், கோபம் வந்தால் அரபிக்காரனோடு வாய் கொடுக்காதே, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அல்லாஹ் உன்னைக் கண்போலக் காத்து, ஸல்மா நடக்கத் தொடங்குவதற்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, இன்னொரு ரிப்பன் கேட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வரும், கீழே உன் வாப்பாவின் கையெழுத்தும் இருக்கும். அனுப்பாதே. நல்ல டோர்ச் லைட் ஒன்று அனுப்பு, சந்து முனை இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பாலத்தைத் திறந்து வைத்த
உன் உம்மா,
ஸித்தி ஸுபைதா