துண்டில்லாத சந்தை

பூவிருந்தவல்லி,
1918 அக்டோபர் 6

அன்புச் சிநேகிதன் நிஜாமுதீனுக்குக் கோதண்டம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கன்னியம்மாளும் நலம். உன் தம்பி அமீரும் அவன் மனைவி வஹீதுன்னிசாவும் நலம். ரங்கூனில் நீயும் பிள்ளைகளும் நலமென்று நீ எழுதினால்தான் நம்புவேன். அங்கேயும் இதே காய்ச்சல் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான்.

காய்ச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுவந்தார்கள். இன்புளுயன்சா என்று பெயராம். நம் ஜனங்கள் விஷ ஜுரம் என்கிறார்கள். காலையில் ஏர் பூட்டியவன் சாயங்காலம் படுக்கிறான். அநேகம் பேர் எழுந்துகொள்கிறார்கள், சிலர் எழுவதில்லை. அதுவும் வயசானவர்களை விட்டுவிட்டு, நன்றாக உழைக்கிற ஆட்களாகப் பார்த்து எடுக்கிறது. பாரிவாக்கத்தில் ஒரே தெருவில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது.

நீ கப்பலேறிய பிறகு சந்தைக் கமிட்டியில் உன் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள் என்றும், நாற்காலி சுகமாக இருக்கிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் கமிட்டி கூடியது. கம்பவுண்டர் தேவராஜ் வந்து, மாட்டுச்சந்தையை உடனே மூடுங்கள், தலையோடு தலை இடித்துக்கொண்டு பேசுகிற இடத்தில்தான் இந்தக் காய்ச்சல் தாவுகிறது என்றார். தலைவர் தசரதன், மழையும் ஏமாற்றிவிட்டது, அரிசியும் ஏறிவிட்டது, சந்தையையும் மூடினால் ஜனங்கள் எதைத் தின்பார்கள் என்று கேட்டார். இரண்டுமே நியாயம்தான். லாடம் கட்டுகிற தங்கவேல் வாசலில் நின்றபடி, "ஜொரம் வந்தாலும் வரும், வராமயும் பூடும். சந்தைய மூடிட்டா ஊட்ல அடுப்பு எரியாது, அது மட்டும் நிச்சயம்" என்றான்.

மூட வேண்டும் என்று இருவர், கூடாது என்று இருவர். மிச்சம் நான். எனக்கும் இதில் நஷ்டம்தான். சந்தை இல்லையென்றால் என் பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் எலிதான் தின்ன வேண்டும். ஆனாலும் காய்ச்சல் தணியும் வரைக்கும் மூடலாம் என்றேன். காய்ந்த வயிற்றைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம், போன ஆளைத் திரும்ப வாங்க முடியாது என்பது என் கணக்கு. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன்.

அமீர் கடைக்கு வந்து, "இன்னா அண்ணாத்தே, என் துண்டையே புடுங்கிக்கினியே" என்று சொல்லிவிட்டுப் போனான். மாட்டுத் தரகனுக்குத் தோளில் கிடக்கிற துண்டுதானே கைமுதல். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நீ அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. ஆனாலும் ஆள் நலமாக இருக்கிறான், அதை மறக்காதே.

இப்படிக்கு,
கோதண்டம்

---

பூவிருந்தவல்லி,
அக்டோபர் 30

அன்புள்ள நிஜாமுதீன்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும் கன்னியம்மாள் சாமி விளக்கை இன்னொரு தரம் ஏற்றினாள்.

இங்கே சந்தை மூடிக் கிடந்தவரையில் காய்ச்சல் கொஞ்சம் அடங்கியது. மூடியதால் அடங்கியதா, அதுவாகவே களைத்துப் போனதா என்று என்னைக் கேட்காதே. தேவராஜ் மூடியதால்தான் என்கிறார். தசரதன் சிரிக்கிறார். ஆனால் பசி எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. புல்லுக்கட்டு விற்கிற பெண்கள், கூழ் விற்கிறவள், தங்கவேல், உன் தம்பி. நான் உன் வீட்டுக்குப் போனபோது அமீர் வெளியே போயிருந்தான். வஹீதுன்னிசா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அவரு ராத்திரி எனக்குச் சோறு போதும்னு பொய் சொல்லிக்கினு படுக்கறாரு. இன்னும் எத்தினி நாளு பொய் சொல்லுவாரு?" என்று கேட்டாள். கடையிலிருந்து ஒரு மூட்டை கேழ்வரகு அனுப்பினேன். அமீர் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். அவன் உன் தம்பி அல்லவா.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நானே ஒரு வழி சொன்னேன். சந்தையைத் திறக்கலாம். வண்டிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்த வேண்டும். துண்டைப் போர்த்திக்கொண்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசக் கூடாது. எட்ட நின்று, வாய்விட்டு விலை சொல்ல வேண்டும். தேவராஜும் சரி என்றார், தசரதனும் சரி என்றார். நான் பெரிய புத்திசாலி என்று அன்றைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

சந்தையன்றைக்கு நடந்ததைக் கேள். மாடு வந்தது, ஆட்கள் வந்தார்கள், வண்டிகளும் தள்ளித்தான் நின்றன. விற்பவன் ஒரு பக்கம், வாங்குபவன் ஒரு பக்கம், நடுவில் அமீர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திருநின்றவூர்க்காரர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் தன் காளைக்கு ஒரு விலையை உரக்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவர் வேட்டி அவிழ்ந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். கூட்டமும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. விலை சொல்வதில் என்ன வெட்கம் என்று தேவராஜ் என்னிடம் கேட்டார். துண்டுக்குள் விரல் சொன்ன விலை அந்த இரண்டு கைக்கு மட்டும்தான், கட்டின பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது, விலையை வெளியே விட்ட தரகனின் துண்டுக்குள் அப்புறம் எவனும் கை வைக்கமாட்டான் என்று விளக்கினேன். விளக்கும்போதே என் புத்திசாலித்தனத்தின் அழகு எனக்கே புரிந்துவிட்டது.

வெயில் ஏறியதும் பார்க்கிறேன், சந்தையில் மாடு இருக்கிறது, ஆட்களைக் காணோம். எல்லோரும் என் புண்ணாக்குக் கிடங்குக்குள் இருந்தார்கள்! வெட்டவெளியில் பேசக் கூடாது என்றால் மறைவிடத்துக்குத்தானே போவார்கள்? காற்றுப் புகாத கிடங்கில், தலையோடு தலை வைத்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பேரம் நடக்கிறது. காவலுக்குத் தங்கவேல் வாசலில் நிற்கிறான். என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரிய, "உள்ள எலி கீது அண்ணாத்தே, போவாதே" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் கத்தி எல்லோரையும் விரட்டினேன். கடைக்குத் திரும்பிப் பருத்திக்கொட்டை அளந்து கொட்டுவதற்குள் மறுபடியும் உள்ளே போய்விட்டார்கள். அப்புறம் நான் போகவில்லை.

அன்று அமீர் வீட்டில் மீன் குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பேச ஆரம்பித்துவிட்டான்.

உன்,
கோதண்டம்

---

பூவிருந்தவல்லி,
நவம்பர் 24

அன்புள்ள நிஜாமுதீன்,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: அமீர் உயிரோடு இருக்கிறான். கஞ்சி குடிக்கிறான். இனி நிதானமாகப் படி.

ஜெர்மன் சண்டை முடிந்துவிட்டது என்று பட்டணத்தில் வாணம் விட்ட அந்த வாரத்தில்தான் அவன் படுத்தான். வாராவாரம் கிடங்குக்குள் பேரம் பேசியவர்களில் அநேகமாக எல்லோருமே படுத்தார்கள். தேவராஜ் வந்து பார்த்து, மார்பு அடைத்துக்கொண்டிருக்கிறது, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தே வையுங்கள், காற்று வந்தால்தான் பிழைப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறுபடி போனபோது ஜன்னல் சாத்தியிருந்தது. எனக்குக் கோபம் வந்து, உனக்குப் புருஷன் வேண்டாமா என்று வஹீதுன்னிசாவைக் கேட்டுவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "நீங்களே கேளுங்கண்ணே" என்றாள்.

கேட்டேன். ஜுரவேகத்தில் அமீர் விலைகளைக் கத்திக்கொண்டிருந்தான். இன்னார் காளை இத்தனைக்குப் போனது, இன்னார் பசுவை இத்தனைக்குத் தள்ளிவிட்டார் என்று, இத்தனை வருஷம் துண்டுக்குள் இருந்ததெல்லாம் பேரோடும் ஊரோடும் வெளியே வருகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரு. தெருவில் சந்தைக்காரர்கள் நடக்கிறார்கள். திறந்தால் ஆள் பிழைப்பான், பிழைத்த பிறகு தொழில் இருக்காது. சாத்தினால் தொழில் இருக்கும், ஆள் இருப்பானா தெரியாது. கமிட்டியில் உட்கார்ந்து நாங்கள் ஊருக்காகப் பேசிய வழக்கை அவள் அந்த ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பூட்டிக்கிடந்த உன் மாட்டுக்கயிற்றுக் கடையைத் திறந்து, அங்கே தொங்கிய கழுத்துமணி, சலங்கை எல்லாவற்றையும் எடுத்துவந்தேன். என் காளை இரண்டையும் அந்த ஜன்னலோரம் கட்டி, கழுத்து கொள்ளும் மட்டும் மணிகளைப் போட்டேன். முன்னால் பருத்திக்கொட்டையை வைத்தேன். தின்னும்போதும் ஈ ஓட்டும்போதும் அவை தலையை ஆட்டாமல் இருக்குமா? பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். தெருவே அதிர்ந்தது. உள்ளே அவன் கத்த, வெளியே மணி அடிக்க, நான் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாடு சும்மா இருந்தால் வாலை முறுக்கினேன். எனக்குப் பைத்தியம் என்று காட்டுப்பாக்கம் வரைக்கும் சேதி போயிற்று.

நான்கைந்து நாள் இப்படிப் போனது. ஒரு நாள் விடியும் நேரம் உள்ளே சத்தம் நின்றது. வஹீதுன்னிசா ஜன்னலருகே வந்து, "அண்ணே, மணியைக் கழட்டிடுங்க" என்றாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். உனக்கு எப்படி எழுதுவேன் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் மறுபடி, "தூங்கறாரு அண்ணே. வேர்த்துக்கீது" என்றாள். நான் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். இதை அமீருக்கு எழுதாதே.

கண் விழித்ததும் அவன் கேட்டது, "நான் எதுனா பேசினேனா?" என்பதுதான். மணி அடித்தது, யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். மறுநாள் அந்தத் திருநின்றவூர்க்காரர் பார்க்க வந்தார். எதிர்வீட்டில் காய்ச்சலில் கிடந்த தன் உறவினரைப் பார்த்துக்கொண்டு அத்தனை நாளும் அங்கேயே இருந்தவர் அவர். அமீர் கத்திய விலைகள் அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. அவர் அமீரின் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டு, "இன்னா மணி சத்தம்பா, காதே போச்சு. தை மாசம் ஒரு ஜோடி மாடு வாங்கணும், நீதான் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கவேல் போய்விட்டான். அமீர் படுத்ததற்கு மறுநாள் படுத்தவன். அவன் வீட்டுக்கு நான் போனபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது. அமீருக்கு இன்னும் சொல்லவில்லை.

வருகிற புதன்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறது. தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்று தசரதன் முதலில் என்னைத்தான் கேட்கப்போகிறார். மூடியபோது பசித்தவர்களையும் பார்த்தேன், திறந்தபோது படுத்தவர்களையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் பேச எனக்குத் தெரியும், கை தூக்கத்தான் தெரியவில்லை. உன் கடிதம் அதற்குள் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன், நீயாக இருந்தால் என்ன சொல்வாய், எழுது.

அமீர் பிழைத்ததற்காக நீ தொழும்போது, தங்கவேலின் பெயரையும் ஒரு முறை சேர்த்துச் சொல். போன மாதம் அவன் கட்டிய லாடம் என் காளைகளின் காலில் அப்படியே இருக்கிறது. தேய்ந்துவிடும் என்று நான் இன்னும் வண்டி பூட்டவில்லை. நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன்,
கோதண்டம்