அம்மா, தீ மிதிக்க வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வழமையாக நான் நல்ல சுகம் என்றுதான் தொடங்குவேன். இந்த முறை அப்படி எழுதினால் நம்பமாட்டீர்கள். சாப்பிடுகிறேன், தையல் வேலைக்குப் போகிறேன். ஜோர்தானில் குளிர் தொடங்கிவிட்டது.

என் மார்பில் கட்டி இருக்கிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுச் சுஜித்தா அக்காவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முன்னொரு நாள் அவருக்குத் துணையாகக் கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போனீர்களாம். தாய் குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பின்னாளில் மார்புப் புற்றுநோய் வரலாம் என்று சந்தேகப்படுகிறார்கள் என அங்கே மிட்வைப் மிஸ் சொன்னாராம். இப்போது, “என் பிள்ளைக்கு நானே நஞ்சு கொடுத்தேன், எந்த முகத்தோடு அவளோடு கதைப்பது” என்று அழுகிறீர்களாம். பாண்டிருப்பு அம்மன் கோயிலில் தீ மிதிக்கவும் நேர்ந்திருக்கிறீர்களாம்.

சீனி வருத்தத்தில் புண் ஆறாத காலோடு நெருப்பில் இறங்க உங்களுக்கு என்ன விசரா அம்மா? அந்தக் கால் போய்விட்டால் நான் இங்கிருந்து என்ன செய்வேன்?

எனக்கு எல்லாம் தெரியும். சுனாமி அப்பாவையும் அண்ணனையும் கொண்டுபோன பிறகு, முகாமில் நித்திரை வராமல் சாராயம் குடித்தீர்கள். வயிற்றில் நான் இருந்தேன். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா, பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு, அந்த வயதில் தனியாக நின்ற உங்களை நினைத்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது.

இங்குள்ள டாக்டரிடமும் கேட்டேன். என்னோடு அறையில் இருக்கும் மருதமுனை நதீராதான் அரபியில் கேட்டுச் சொன்னாள். சாராயக் கதையைக் கேட்க அவளுக்கு வெட்கம், ஆனாலும் கேட்டாள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குட்டிகளுக்கு அப்படி வந்ததாம். மனிதருக்கும் அப்படித்தான் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். என் கட்டி எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியாது. இந்த வயதில் அனேகமாகக் கெட்ட கட்டியாக இராது, ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது என்று ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் சோதனைக்கு எடுத்தார். முடிவு வியாழக்கிழமை வரும்.

ஊசி குத்தும்போது நதீரா கையைப் பிடித்திருந்தாள். நல்ல பிள்ளை. நான் தேடினது உங்கள் கையை. வேலை முடிந்து எல்லாரும் தங்கள் தாய்மாரோடு கதைக்கிற நேரம், நான் உடுப்புக் கழுவுகிற மாதிரி குளியலறையில் போய் நிற்கிறேன்.

இதைப் படமெடுத்துச் சுஜித்தா அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன், வாசித்துக் காட்டுவார். அம்மனுக்கு நேர்ந்ததை விடமுடியாதென்றால் அந்த நேர்த்திக்கடனை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஊருக்கு வந்து நான் மிதிக்கிறேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கோல் எடுப்பேன். நீங்கள் ஒன்றும் கதைக்க வேண்டாம். போனைக் காதில் வைத்திருங்கள் அம்மா, நீங்கள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டால் போதும்.

உங்கள் வயிற்றில் பிறந்த,
விதுசா