பதினோரு ஒன்று உடைந்தது

என் மகராசி வசந்தாவுக்கு,

ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் நம் கதையை இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அது அலுப்பதே இல்லை. உனக்கு மட்டும் அலுத்துவிடுமா என்ன?

எண்பதுகளில் ஒரு தை மாதம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு உன்னைப் பெண் பார்க்க வந்தோம். கேசரி, காபி ஆனதும் வழக்கம்போல என் தாய்மாமன், "ஒரு பாட்டு பாடும்மா" என்றார். கணக்கில் பட்டம் வாங்கியிருந்த நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"பாட்டு வராதுங்க. ஒரு நம்பர் சொல்றேன். ஏழு ஒண்ணை வரிசையா எழுதுங்க. பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. அதையும் ஒண்ணையும் விட்டா, வேற எதாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாது."

உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ்ஸிலேயே மாமா முடிவு சொல்லிவிட்டார்: "இந்தப் பொண்ணு பேஜாருடா. வேற எடம் பாக்கலாம்." நான் வாயைத் திறக்கவில்லை, பயம். ஆனால் உன்னை விட்டுவிட மனசும் இல்லை.

மறுபடி உன் வீட்டு வாசலை மிதிக்க எனக்கு ஒரே சாக்கு அந்த எண்தான். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எண்ணும் வேலைக்கு நடுவே ஏழு, பதின்மூன்று, பதினேழு என்று வகுத்துக்கொண்டே போனேன். இருநூற்று முப்பத்தொன்பதில் மீதி இல்லை!

மாப்பிள்ளைப் பையன் தனியாக வந்து நின்றால் யார்தான் மிரளமாட்டார்கள்? நீ மட்டும் நின்றபடியே பெருக்கிப் பார்த்தாய். 239 தடவை 4649. சரியாக வந்ததும் சிரித்தாய்.

"நானும் இருநூறு வரைக்கும் போட்டுக்கினு இருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க, அம்மா பூ வைக்கக் கூப்டாங்க. சரி, இந்த ரெண்டையும் உடைச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நீயே உட்கார்ந்து போட்டாய். இரண்டும் உடையவில்லை.

"அப்போ இந்த நம்பருக்கு இதான் ஒரே ஜோடி. யாரு உடைச்சாலும் இதே ரெண்டுதான் வரும்."

அன்று இரவு முதல்முறையாக மாமாவை எதிர்த்துப் பேசினேன். எனக்கு இந்தப் பெண்தான் என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்மேல் பெருமை. உன்மேல் எவ்வளவு என்று சொல்லவும் வேண்டுமா?

கல்யாணத்துக்குப் பிறகு, பதினோரு ஒன்றை வரிசையாக எழுதினால் வரும் எண்ணைப் பிடித்தோம். வருஷக்கணக்காக அது அசையவே இல்லை. நீ கண்ணை மூடிய பிறகு நம் கயல்விழி, "போன்ல போட்டா ஜல்தியா வந்துடும்ப்பா" என்றாள். "வேணாம்மா. உங்கம்மா விட்ட எடத்துலேர்ந்து நான் போட்டுக்கறேன்" என்றேன்.

நேற்று உடைந்துவிட்டது, வசந்தா! 21649-இல் மீதி இல்லை. ஜோடி 513239. கண் நிறைந்து, எழுத்தே தெரியவில்லை.

சின்னதை உடைத்துப் பார்த்தேன், உடையவில்லை. பெரியது பாக்கி. அங்கே வந்ததும் வாசலிலேயே நீ கேட்கப்போவது அதைத்தானே? இந்தத் தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

உன் வீட்டுக்காரன்,
கயல்விழி அப்பா